மச்சாளின் முழங்காலும் மூன்று கியரும்

வீடு கூட்டும் தும்புத்தடியின் கம்பு என் இடது கையில் இருந்தது. அதன் நுனி எங்கள் பழைய யூட் வண்டியின் தரையில், மெக்கானிக் ரவி சோக்கட்டியால் வட்டம் போட்டிருந்த இடத்தில் ஊன்றியிருந்தது.

எனக்குப் பக்கத்தில், நடு இருக்கையில், என் மனைவியின் அக்கா பூமணி மச்சாள். காஞ்சிபுரம் பட்டு உடுத்து, கைப்பையை மடியில் வைத்து, படம் எடுக்க வந்தவர் போல நிமிர்ந்து இருந்தார். அவருக்கு அப்பால், யன்னலோரம், என் மகள் அபி. ஜீன்சுக்கு மேல் தாயின் பழைய கூறைச் சேலையைச் சுற்றியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. நோபல் பார்க்கில் எங்கள் வீட்டு முற்றம். யூட்டுக்குள் அப்போது கியர்பொக்ஸே இல்லை. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து நிறுத்தியிருந்தோம்.

"இப்ப ஓடுங்கோ," என்றாள் வெளியில் நின்ற என் மனைவி தவம்.

"முதலாம் கியர்," என்று கம்பை முன்னுக்குத் தள்ளினேன். ஒன்றும் ஆகவில்லை. "இரண்டாம் கியர்," என்று பின்னுக்கு இழுத்தேன். கம்பு போய் மச்சாளின் முழங்காலில் முட்டியது. கம்போடு சேர்ந்து என் கையும்.

நான் கையை உதறி எடுத்தேன். கம்பு சரிந்து கண்ணாடியில் அடித்தது. அபி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மச்சாள் என்னைப் பார்க்கவில்லை. நேரே வீதியைப் பார்த்தபடி கேட்டார்: "தவம், உன்ர மனுசனிட்டைக் கேள், உதில மொத்தம் எத்தினை கியர்?"

"அஞ்சு, அக்கா."

"அதில எத்தினை இஞ்சால வரும்?"

தவம் என்னைப் பார்த்தாள். "ரெண்டும் நாலும்," என்றேன். ரிவேர்சும் பின்னுக்குத்தான் வரும். அதை நான் சொல்லவில்லை.

பேச்சுக்குப் பதில்

இந்தத் தொடரைச் சில வாரங்களாகப் படிப்பவர்களுக்கு என் சுபாவம் தெரிந்திருக்கும். எனக்கு ஆட்கள் முன்னால் பேச்சு வராது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது அதற்குக் காரணமல்ல; பத்தாம் வகுப்பிலும் நான் பேசவில்லை. டண்டினோங்கில் ஒரு களஞ்சியத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறேன். அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்ததே, அந்த இரைச்சலில் யாரும் கதைக்க வரமாட்டார்கள் என்பதுதான்.

அபிக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் அவள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். இங்கே வரவேற்பு விருந்தில் பெண்ணின் தகப்பன் மைக் பிடித்துப் பேச வேண்டும் என்பது வழக்கமாம்.

"அப்பா, யூ ஹாவ் டு சே சம்திங்," என்றாள்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவளிடம் சொன்னேன்: "பிள்ளை, பேச்சை மாமா பேசட்டும். நான் உன்னை யூட்டில மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

அவள், "டீல்," என்று கையை நீட்டினாள்.

இதற்கு வீட்டில் எதிர்ப்பு இருந்தது. பெண்ணின் தகப்பன் மண்டப வாசலில் நின்று சம்பந்திக்கு மாலை போட வேண்டும், அவர் போய் றைவர் வேலை பார்க்கிறதா என்று அந்த மாமா, தவத்தின் தம்பி, கேட்டார். கடைசியில் வாசலில் மாலை போடும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். எனக்கு இரட்டை லாபம்.

யூட் என்றால் முன்னால் கார், பின்னால் திறந்த பெட்டி. எங்களுடையது எழுபதுகளில் செய்தது. வெளிர் பச்சை நிறம். முன்னுக்கு வாங்குப் பலகை போல ஒரே நீள இருக்கை, மூன்று பேர் இருக்கலாம். இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு தோட்டக்காரர் ஓய்வு பெற்றபோது வாங்கினேன். இந்த நாட்டில் தேவையே இல்லாமல் நான் வாங்கிய ஒரே சாமான் அது. பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழுவுவேன், மினுக்குவேன், மரக்கறிச் சந்தை வரைக்கும் ஓட்டிவிட்டு வருவேன்.

கல்யாணத்துக்கு ஏழு கிழமை இருக்கும்போது அதன் ஓட்டோமற்றிக் கியர்பொக்ஸ் செத்தது.

ரவியின் ஐந்து

ரவி மலேசியாவில் கிள்ளானிலிருந்து வந்தவர். எனக்கு ஐந்தாறு வயது இளையவர். பழைய வண்டிகளைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும். கியர்பொக்ஸைக் கழற்றி, அடியில் இருந்த எண்ணெய்த் தட்டை என் மூக்கருகில் கொண்டுவந்தார். கருகிய வாசம். எண்ணெயில் வெள்ளித் தூள் போல இரும்பு மினுங்கியது.

"முடிஞ்சு போச்சுண்ணே. சாமான் வெளிநாட்டுலேருந்து வரணும். மூணு மாசம் ஆவும்."

"ஏழு கிழமையில கல்யாணம்."

"அப்ப இதே சாக்குல மேனுவல் போட்டுடுவோம்ணே!"

அவர் கண்ணில் ஒரு வெளிச்சம். என் மனதிலும் பத்து வருடமாக அந்த ஆசை இருந்தது. ஓட்டோமற்றிக் வண்டியில் இடது காலுக்கு வேலையில்லை. நான் கிளச் மிதித்துப் பழகியவன். பெடல் இல்லாத இடத்தில் கால் சும்மா கிடந்து தேடும்.

எந்த மேனுவல் என்பதுதான் கேள்வி. ரவி மூன்றைச் சொன்னார். நாலு கியர் பெட்டி நல்லது, ஆனால் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்கி வைத்திருக்கிறார்கள், கிடைக்காது. மூன்று கியர் பெட்டி இந்த யூட்டோடு அந்தக் காலத்தில் கம்பனியே கொடுத்தது. "அது வேணாம்ணே, நெடுஞ்சாலையில அழும்," என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். ஐந்து கியர் பெட்டி பிந்திய கார் ஒன்றிலிருந்து எடுத்தது. பின்னால் போகும் தண்டைக் கொஞ்சம் குறுக்க வேண்டும், தரையில் ஓட்டை வெட்ட வேண்டும், ஒரு பொறியியலாளரிடம் சான்றிதழ் எடுக்க வேண்டும்.

"ஆனா சும்மா பறக்கும்ணே. என்ன சொல்றீங்க?"

நான், "நல்லதுதான்," என்றேன்.

நல்லதா கெட்டதா என்று நான் யோசிக்கவே இல்லை. ஒருவர் இவ்வளவு ஆசையோடு கேட்கும்போது எனக்கு வேறு பதில் வராது. இந்த ஊருக்கு வந்த புதிதில் முடி வெட்டப் போனேன். வெட்டுபவர் கண்ணாடியைக் காட்டி இன்னும் குறைக்கவா என்று கேட்டார். ஓம் என்றேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் ஓம். நாலாவது தரம் கேட்க அங்கே ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்த தவம், "ஊரில ஆரும் செத்திட்டினமோ?" என்று பதறினாள்.

அடுத்த நாளே ரவி ஐந்து கியர் பெட்டியைக் கொண்டுவந்து என் கராஜில் இறக்கிவிட்டார். கம்பு வெளியே வரப்போகும் இடத்துக்கு வட்டமும் போட்டுவிட்டுப் போனார். அந்த வட்டம் எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பதைத் தவம்தான் முதலில் கவனித்தாள்.

"இதில அக்கா எப்படி இருக்கிறது?" என்றாள்.

அப்படித்தான் தும்புத்தடி வந்தது.

முன் சீற்றில் நாலு பேர்

பூமணி மச்சாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணமாகி முப்பது வருடம் ஆகப் போகிறது. இத்தனை வருடத்தில் அவருக்கும் எனக்கும் நடந்த நேரடிப் பேச்சு "சுகமோ?", "ஓம், சுகம்" என்ற அளவுதான். மிச்சமெல்லாம் தவத்தின் வழியாகப் போய்வரும். மூவரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டாலும், "தவம், உன்ர மனுசனுக்கு இன்னும் கொஞ்சம் சொதி விடு," என்பார். கோபம் ஒன்றும் கிடையாது. மனைவியின் மூத்த அக்கா என்றால் ஒரு மரியாதைத் தூரம்.

கல்யாணத்தன்று பெண் மண்டபத்துக்குத் தனியாகப் போகக் கூடாது, ஒரு சுமங்கலி பக்கத்தில் வர வேண்டும். தவம் மாப்பிள்ளையை வரவேற்க முன்னதாகவே போய்விடுவாள். எனவே அது மச்சாள். பெண்ணை யன்னலோரம் வைத்தால்தான் சேலை கசங்காமல் இறக்கலாம். எனவே மச்சாள் நடுவில். நோபல் பார்க்கிலிருந்து மண்டபம் வரை எத்தனை சிக்னல் என்று மனதில் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நின்று புறப்படும்போது இரண்டாம் கியர் ஒன்று.

"தனித்தனி சீற் ரெண்டு போட்டால்?" என்று தவத்திடம் கேட்டேன்.

"அக்காவைப் பின்பெட்டியில ஏத்தப் போறியளே?"

"பிள்ளை நடுவில இருந்தால்?"

"கொசுவத்துக்குள்ள கியரை விட்டு ஆட்டப் போறியள்! பட்டுச்சேலை கிழிஞ்சால் ஆர் பதில் சொல்லுறது?"

அபி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. தவம் பெருமூச்சு விட்டு, "இஞ்சாருங்கோ, நான் ஒண்டு சொன்னால் கோவிக்காதேங்கோ. வாற கிழமைக்குள்ள ஒரு முடிவு இல்லையெண்டால் வெள்ளைக் கார் ஒண்டு வாடகைக்குப் பிடிப்பம்," என்றாள்.

வெள்ளைக் கார் என்றால் அதற்கு ஒரு சாரதி வருவார். நான் வேறு ஒரு வாகனத்தில், முன்னுக்கோ பின்னுக்கோ, யாரோடோ போவேன். தலையாட்டினேன்.

யூட்டிலிருந்து இறங்கச் சேலையை ஒதுக்கிக்கொண்டிருந்த மச்சாள் தன்பாட்டில் சொன்னார்: "அந்த நாளையில ஹயர் கார்க்காரர் முன் சீற்றில நாலு பேரை ஏத்துவினம். ஒரு பொம்பிளையின்ர காலிலயும் கை பட்டதில்லை. இப்ப என்னடாவெண்டால் அஞ்சு கியராம்."

நான் கதவில் கை வைத்தபடி நின்றேன்.

"அப்ப கியர் எங்கை இருந்தது, மச்சாள்?"

தவம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மச்சாளும் ஒரு கணம் திகைத்தார். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பி, "ஸ்ரேரிங்குக்குக் கீழ எண்டு சொல்லு, தவம்," என்றார்.

ரவி ஒரே வரியில் தள்ளிவிட்ட அந்த மூன்று கியர் பெட்டி! அதன் தடி தரையில் வராது. ஸ்ரேரிங் தண்டின் பக்கவாட்டில், கைக்கு அருகே வரும். இந்த நாட்டு ஆட்கள் பகிடியாக, 'த்ரீ ஒன் த ட்ரீ', மரத்தில் மூன்று என்பார்கள்.

வேண்டாம் என்பது

எந்தப் பெட்டி என்று தெரிந்துவிட்டது. ரவியிடம் சொல்வதுதான் மலை. மனிதர் தன் முதுகில் சுமந்து கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து அவருடைய பட்டறைக்குப் போனேன். "வாங்கண்ணே!" என்று தேநீர் ஊற்றினார். குடித்தேன். எண்ணெய் இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை போனேன். துடைக்கிற துணி ஒரு பொதி வாங்கி வந்தேன். புதன்கிழமை கையில் கிறீஸ் டப்பாவோடு வந்தபோது தவம் வாசலிலேயே நின்றாள்.

"நாளைக்கு என்ன, எஞ்சினோ?"

வியாழக்கிழமை ரவி தானே வீட்டுக்கு வந்துவிட்டார், தரையை வெட்டுகிற மெசினோடு. வயரைச் சொருகி, கண்ணாடி போட்டுக் குனிந்தார். இன்னும் ஒரு நிமிடம் போனால் ஓட்டை விழுந்துவிடும்.

"ரவி, வேண்டாம்," என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "என்னண்ணே?"

"அஞ்சு வேண்டாம். மூண்டு."

"ஏன்ணே?"

ஏன் என்று எப்படிச் சொல்வது? மச்சாளின் முழங்கால் என்று வாயைத் திறந்து ஒரு ஆண்பிள்ளையிடம் சொல்ல முடியுமா? "இருக்கிறது... இடம்... வீட்டுக்காரர்..." என்று இழுத்தேன். குசினி யன்னலிலிருந்து தவத்தின் குரல் வந்தது: "ரவி, அவர் ரெண்டாம் கியர் போட்டால் என்ர அக்காவின்ர முழங்காலிலதான் போடோணும்!"

ரவி கண்ணாடியைக் கழற்றினார். கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீரைத் துடைத்துவிட்டு, "முதல்லயே சொல்லக் கூடாதாண்ணே? மூணு நாளா எண்ணெய் வாங்கிட்டிருந்தீங்க!" என்றார்.

அவர் கோபிக்கவில்லை. வெட்ட வேண்டியதும் இல்லை, சான்றிதழுக்கு அலைய வேண்டியதும் இல்லை, கம்பனி கொடுத்த பெட்டி அப்படியே பொருந்தும் என்று தனக்குத் தானே சொல்லிச் சமாதானமானார்.

கோழிக்கூட்டுக் கதவு

எல்லோரும் கழற்றி எறிந்த பெட்டி என்பதால் தேடுவது கஷ்டமாயிற்று. பழைய வண்டி உடைக்கிற இடங்களில் சிரித்தார்கள். கடைசியில் ரவிக்கு யாரோ சொல்ல, பக்கஸ் மார்ஷ் பக்கம் ஒரு பண்ணைக்குப் போனோம். ஒரு வெள்ளைக்கார அம்மா தொப்பியோடு வந்து எங்களைக் கோழிக்கூட்டுக்குக் கூட்டிப் போனார். காற்றுக்குக் கதவு அடிக்காமலிருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள், எங்கள் கியர்பொக்ஸை. அதன் மேல் ஒரு சிவப்புக் கோழி இருந்து எங்களைப் பார்த்தது.

ரவி மூடியைத் திறந்து விரலை விட்டுப் பற்களைத் தடவினார். "அண்ணே, புதுசு மாதிரி இருக்கு!"

அந்த அம்மா, கியரை ஸ்ரேரிங் தண்டோடு இணைக்கும் கம்பிகளையும், பெடல் சட்டத்தையும், தண்டையும் கொட்டிலில் இருந்து தேடித் தந்தார். கதவுக்கு இனி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஒரு கல் பார்க்கிறேன்," என்றார்.

பொருத்த இரண்டு கிழமை எடுத்தது. முதல் நாள் தெருமுனையிலேயே கியர் இறுகிவிட்டது. கம்பிகள் கோர்க்கும் இடத்தில் இருந்த பழைய புஷ் வளையங்கள் உக்கிப்போய், முதலாம் கியரும் இரண்டாம் கியரும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. பொனற்றைத் திறந்து கையால் இழுத்து விடுவிக்க வேண்டியிருந்தது. பட்டு வேட்டியோடு நான் நடுவீதியில் பொனற்றுக்குள் தலையை விட்டு நிற்கும் காட்சி என் கண்ணில் வந்தது. தவத்தின் கண்ணிலும் வந்திருக்க வேண்டும். அவள் நாள்காட்டியைப் பார்த்தாள்.

புதிய புஷ் எங்கும் கிடைக்கவில்லை. ரவி எங்கள் குசினிக்குள் வந்து தண்ணீர் குடித்தார். குடித்துக்கொண்டே மரக்கறி வெட்டும் வெள்ளைப் பலகையை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"அக்கா, இது நல்ல நைலான்க்கா."

"அதில கைவைச்சால் தெரியும்!" என்றாள் தவம்.

அரை மணித்தியாலத்தில் அந்தப் பலகையில் ஆறு வட்ட ஓட்டைகள். அவற்றிலிருந்து வந்த ஆறு வெள்ளை வளையங்களும் கம்பிகளில் போய் இருந்தன. அதன் பிறகு கியர், வெண்ணெயில் கரண்டி போவது போலப் போனது. ஒரு கிழமைக்கு எங்கள் வீட்டுக் குழம்பில் வெங்காயம் கோணல் மாணலாகவே இருந்தது.

மண்டபத்தைச் சுற்றி

கல்யாண நாள் காலை நல்ல வெயில். யூட்டின் முகப்பில் ஒரு மல்லிகைச் சரம் மட்டும் கட்டினேன். அபி ஏறினாள். கூறை பிறகுதான், மணவறையில் கொடுப்பார்கள். இப்போது உடுத்தியிருந்தது அரக்குச் சிவப்புப் பட்டு. மச்சாள் நடுவில். கதவைச் சாத்தியபோது நகையும் பூவும் சந்தனமுமாக உள்ளே ஒரே வாசம்.

கிளச்சை மிதித்தேன். தடியை என் பக்கம் இழுத்துக் கீழே விட்டேன். முதலாம் கியர். விட்டு, மேலே. இரண்டு. கீழே. மூன்று. அவ்வளவுதான் கியர். மச்சாள் தன் முழங்காலை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுக் கைப்பையை அதன் மேல் வசதியாக வைத்தார்.

நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அபியும் பேசவில்லை. ஒரு சிக்னலில் பக்கத்துக் காரிலிருந்த பிள்ளைகள் கையசைத்தார்கள். அவள் திரும்பக் கையசைத்தாள்.

மண்டபம் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லாம் பூட்டு. வாசலுக்குத் திரும்பும் இடத்தில் மச்சாளின் போன் அடித்தது. தவம்.

"அக்கா, வந்திடாதேங்கோ! மாப்பிள்ளை இப்பதான் வந்து இறங்குறார். மேளகாரர் வாசல்லை நிக்கினம்."

பெண் போய் மாப்பிள்ளை முன்னால் நிற்கக் கூடாது. ஓரத்தில் நிறுத்தலாம் என்றால், குளிரூட்டி இல்லாத வண்டி. வெயிலில் அபியின் முகப்பூச்சு வழிந்துவிடும்.

"அபி, கொப்பாவைச் சுத்தச் சொல்லு," என்றார் மச்சாள்.

சுற்றினேன். களஞ்சியங்களுக்கு இடையில் நீள வீதி, ஒரு வளைவு, மறுபடி நீள வீதி. இரண்டாம் கியரில் எஞ்சின் மெல்ல முனகிக்கொண்டு போனது. யன்னலால் காற்று வந்தது. நாதஸ்வரம் ஒரு பக்கத்தில் கேட்கும், திரும்பினால் மறையும், மறுபடி கேட்கும். இரண்டாம் சுற்றில் அபி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எப்படி இருப்பாளோ அப்படி. மூன்றாம் சுற்றில் கண்ணை மூடி, தலையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டாள்.

வாசல் தெரியத் தொடங்கியபோது போன் மறுபடி அடித்தது.

"மாப்பிள்ளை மணவறைக்குப் போயிட்டார். இனி வாங்கோ!"

நான் வேகத்தைக் குறைத்தேன். அபி கண்ணைத் திறந்தாள்.

"அப்பா," என்றாள். "வன் மோர் ரவுண்ட்."

உள்ளே ஐயர் காத்திருக்கிறார், முகூர்த்தம் இருக்கிறது, இருநூறு பேர் இருக்கிறார்கள். நான் மச்சாளைப் பார்த்தேன். மச்சாள் அபியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நேராக. வீதியில் எங்களைத் தவிர ஒரு சைக்கிள்கூட இல்லை.

போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"வாறம், வாறம், தவம். இஞ்ச சரியான ட்ராபிக்."

நான் வாசலைத் தாண்டி நேரே விட்டேன்.